மீன் தொட்டிக்கு ஹீட்டர் வாங்குபவர்களே, என் 4,850 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

குன்னூரில் இருக்கிறோம். மார்கழிக் குளிரில் தொட்டித் தண்ணீர் 16 டிகிரிக்கு இறங்கிவிட்டது. ஏஞ்சல் மீன்கள் மூலையில் ஒதுங்கி நின்றன. ஒரு கல்யாணத்துக்குக் கோவை போனபோது ஹீட்டர் வாங்க ஒரு கலர் மீன் கடையில் ஏறினேன்.

தொட்டி 2 அடி, 55 லிட்டர்தான் என்று தெளிவாகச் சொன்னேன். கடைக்காரர் 300 வாட் ஹீட்டரை எடுத்து வைத்தார். பெரிதாக இருக்கிறதே என்றேன். "உங்க மலைக் குளிருக்கு இதுதாங்ணா தாங்கும். சூடானா தானா ஆஃப் ஆயிரும். நம்ம கடைத் தொட்டி எல்லாத்துலயும் இதுதான் ஓடுது." பக்கெட் தண்ணீரில் போட்டுச் சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டினார், கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. நம்பி 1,450 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

26 டிகிரியில் வைத்தேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் காலையில் தெர்மாமீட்டர் 39 காட்டியது, சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நாலு ஏஞ்சல், பத்து நியான் டெட்ரா, எல்லாம் மிதந்தன. மீன் மட்டும் 3,400. ஆக 4,850.

போன் செய்தேன். "மலையில கரண்ட் ஏறி எறங்கும்ங்ணா, அதுக்கு நாங்க என்ன பண்றது?" மறுநாள், "கரண்ட் சாமானுக்கு வாரண்டி இல்லீங்க." அடுத்து கடைப் பையன்: "ஓனர் வெளியூர்ல." வாட்ஸாப்பில் செத்த மீன் படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். கடைத் தொட்டிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றில்கூட ஹீட்டர் இருந்த ஞாபகம் இல்லை!

சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் எந்த ஹீட்டரிலும் ஒட்டிக்கொண்டு ஆஃப் ஆகாமல் போகலாம், அது என் தலையெழுத்து. ஆனால் 55 லிட்டருக்கு 300 வாட் கொடுத்தது அவர் செய்த வேலை. 300 வாட் அந்தத் தண்ணீரை மணிக்கு நாலு டிகிரி ஏற்றிவிடும். 75 வாட்டாக இருந்திருந்தால் மணிக்கு ஒரு டிகிரி ஏறுவதே பெரிது. காலையில் எழுந்து பிடுங்கியிருப்பேன், பாதி மீனாவது பிழைத்திருக்கும்.

என்ன வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. லிட்டருக்கு ஒரு வாட், குளிர் ஊரென்றால் கொஞ்சம் கூட, அதற்கு மேல் வேண்டாம். பெரிய தொட்டிக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு சின்ன ஹீட்டர். தனியாக ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். முடிந்தால் வெளியே மாட்டும் டெம்பரேச்சர் கண்ட்ரோலரும். தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள், சூட்டோடு தண்ணீருக்கு வெளியே வந்தால் ஹீட்டரின் கண்ணாடி வெடிக்கலாம். வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் தொட்டிக்குள் கரண்ட் சாமான் எதையும் இறக்காதீர்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்கிறான் தம்பி. பில்லைத் தேடி எடுத்தேன். துண்டுச் சீட்டில் "ஹீட்டர் 1 - 1450" என்று பேனாவில் எழுதியிருக்கிறது. கடைப் பெயர்கூட இல்லை.