ஆன்லைன் கோச்சா, பேட்டை மாஸ்டரா: மேடைக்கு முந்தைய கடைசி வாரத்தை வைத்து ஓர் ஒப்பீடு

நான் 75 கிலோ பிரிவில் இரண்டு முறை ஆணழகன் மேடை ஏறியிருக்கிறேன். முதல் முறை என்னைத் தயார் செய்தவர், வேறொரு மாநிலத்தில் இருந்தபடி கைப்பேசி வழியாகவே நாற்பது ஐம்பது பேரைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆன்லைன் கோச். இரண்டாம் முறை தயார் செய்தவர், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தகரக் கூரை போட்ட ஜிம்மை முப்பது ஆண்டுகளாக நடத்திவரும் மாஸ்டர். போட்டிக்குத் தயாராகும் தம்பிகள் யாரிடம் போகலாம் என்று கேட்கும்போதெல்லாம் நான் மாஸ்டர் பக்கம்தான் சாய்கிறேன். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று, மேடைக்கு முந்தைய அந்தக் கடைசி வாரம்தான் என்பதால், மற்றவற்றை முதலில் விரைவாக முடித்துவிடுகிறேன்.

கட்டணத்தை எடுத்துக்கொண்டால், ஆன்லைன் கோச்சுக்கு 16 வாரமும் மாதத்துக்கு 10,000 ரூபாய் வீதம் கொடுத்தேன். மாஸ்டருக்கு வழக்கமான ஜிம் சந்தாவும், போட்டி முடிந்தபின் ஒரு வேட்டி சட்டையும், கவரில் கொஞ்சம் பணமும். ஆனாலும் மாஸ்டரிடம் போனால் எல்லாம் மலிவாக முடிந்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம். கோழியும் முட்டையும் மீனும் இரண்டு வழியிலும் ஒரே விலைதான், செலவில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. பயிற்சி அட்டவணையிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. மேடைக்கு நான்கு மாதம் இருக்கும்போது புதிதாகத் தசை ஏற்றப்போவதில்லை, இருப்பதைக் கரையாமல் காப்பாற்றுவதுதான் வேலை என்பதில் இருவருமே ஒத்த கருத்துடையவர்கள்.

பதிவு வைப்பதில் ஆன்லைன் கோச்சை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தினமும் காலை எடை, வாரச் சராசரி, இடுப்பளவு, தூக்க நேரம், நடந்த அடிகள் என்று எல்லாம் ஒரே அட்டவணையில் ஏறிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை இறங்கினால் தசை அதிகம் போகாமல் கொழுப்பு கரையும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பதினான்கு வாரம் அவர் என்னை அந்தக் கோட்டைவிட்டு விலக விடவில்லை. மாஸ்டரோ உணவுப் பட்டியலை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதித் தருபவர். அதில் மதியத்துக்கு ‘சோறு ஒரு கப்’ என்றிருக்கும். அந்தக் கப் எவ்வளவு பெரியது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

போட்டி அமைப்புகள், பிரிவுகள் பற்றிய அறிவிலும் ஆன்லைன் கோச்சே மேல். 2017இல் உலக ஆணழகன் அமைப்பான ஐ.எஃப்.பி.பி.யிலிருந்து ப்ரோ லீக் தனியாகப் பிரிந்தபின், எந்தப் போட்டியில் வென்றால் ப்ரோ கார்டு, அதாவது தொழில்முறை மேடையில் நிற்கும் உரிமை, கிடைக்கும், எது அதற்குச் சம்பந்தமே இல்லாதது என்று புரிந்துகொள்வதே ஒரு வேலையாகிவிட்டது. தொழில்முறை ஆணழகன் போட்டிகளின் உச்சமான ஒலிம்பியாவில், நீளக் கால்சட்டையோடு நிற்கும் மென்ஸ் பிசிக் பிரிவு 2013இலும், உயரத்துக்கேற்ற எடை வரம்பு வைத்த கிளாசிக் பிசிக் 2016இலும் வந்தன. என் மாஸ்டரைப் பொறுத்தவரை, அப்படித் தொடையை மறைக்கும் கால்சட்டை போட்டுக்கொண்டு மேடை ஏறுவது ஆணழகன் போட்டியே ஆகாது. மென்ஸ் பிசிக்கில் நிற்க விரும்பும் ஒருவர் அவரிடம் போனால், பயிற்சியைவிட வாக்குவாதத்திலேயே அதிக நேரம் போய்விடும்.

தூரத்திலிருந்து பயிற்றுவித்தால் எடுபடாது என்று நான் சொல்லவரவில்லை. ஈரானைச் சேர்ந்த ஹாடி சூப்பான், விசா கிடைக்காமல் 2018 ஒலிம்பியாவைத் தவறவிட்டவர். 2019இல் மேடை ஏறி மூன்றாம் இடம் பெற்று, 2022இல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்தையே வென்றார். அவருடைய கோச் ஹானி ராம்போட் இருப்பது கலிபோர்னியாவில். ஆனால் ஒலிம்பியா மேடை நெருங்கும்போது அதே ராம்போட் மேடைக்குப் பின்னால் வந்து நிற்பார். பில் ஹீத் 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற காலத்திலும் உடனிருந்த கோச் அவர்தான். உலகத்தின் உச்சியில் இருப்பவர்களுக்கே கடைசிக் கட்டத்தில் பக்கத்தில் ஒரு ஜோடிக் கண் தேவைப்படுகிறது. மாதம் 10,000 ரூபாய் கொடுக்கும் என்னைப் பார்க்க எந்த ஆன்லைன் கோச்சும் விமானம் ஏறி வரமாட்டார்.

நான் இந்த அளவுக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கடைசி வாரத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல வாரம் மாவுச்சத்தைக் குறைத்ததால் தசைகளில் கிளைகோஜன், அதாவது அங்கே சேமித்துவைக்கப்படும் மாவுச்சத்து, வற்றியிருக்கும். கடைசி இரண்டு மூன்று நாட்களில் மாவுச்சத்தைக் கூட்டினால் தசை அதைத் திரும்பச் சேமிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு உள்ளே போகும். மேடையில் தசை உருண்டு திரண்டு தெரிவது அந்தத் தண்ணீரால்தான். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரை நிறுத்தினால், தோலுக்கடியில் இருப்பது மட்டும் வற்றுவதில்லை, தசைக்குள் இருப்பதும் சேர்ந்து வற்றும். ரத்தத்தின் அளவும் குறைவதால், மேடைக்குப் பின்னால் ரப்பர் பட்டையை எத்தனை முறை இழுத்தாலும் பம்ப், அதாவது ரத்தம் பாய்ந்து தசை புடைப்பது, வராது. உப்பும் அப்படித்தான். குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதற்கே சோடியத்தின் துணை வேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் கொடுப்பது இதனால்தான். அதே உப்பை அறவே நிறுத்திவிட்டுத் தட்டு நிறையச் சோறு சாப்பிடச் சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது.

இவ்வளவையும் சரியாகச் செய்ய, ஒரு நாளைக்குப் பல முறை உடலைப் பார்த்து, அடுத்த வேளைக்கு என்ன என்று முடிவெடுக்க வேண்டும். புகைப்படம் தடுமாறுவது இங்கேதான். வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் தசைகளுக்கு இடையிலான வெட்டுகள் ஆழமாகத் தெரியும். நேரே முன்னால் இருந்தால் அதே உடல் மழுமழுவென்று இருக்கும்.

என் முதல் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய் காலை, வாரந்தோறும் ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்ற விதிப்படி, நடையில் இருந்த டியூப்லைட்டுக்கு எதிரே நின்று எடுத்த படங்களை அனுப்பினேன். எல்லா வாரமும் அந்த விதி நன்றாகவே வேலை செய்தது, ஏனென்றால் சென்ற வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டால் போதுமானதாக இருந்தது. கடைசி வாரத்தில், உண்மையில் உடல் எப்படி இருக்கிறது என்பதே கேள்வியாகிவிட்டது. ஒன்பது மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: அடிவயிற்றில் தண்ணீர் நிற்கிறது, இன்றிலிருந்து உப்பு வேண்டாம், வியாழன் முதல் தண்ணீரைப் பாதியாக்கு. அன்று காலையிலேயே மொட்டைமாடி வெயிலில் என் தம்பி எடுத்த இன்னொரு படத்தில் அடிவயிற்றின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. விதியில் இல்லாத படம் என்பதால் அதை நான் அனுப்பவில்லை. அந்தத் தவறு என்னுடையது. ஞாயிறன்று மேடையில் கை கால் எல்லாம் காற்றுப்போன பலூன் மாதிரி தட்டையாக இருந்தன, கட்டாய போஸ்களின் நடுவே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, ஆறாம் இடம் கிடைத்தது. அன்றிரவு வயிறாரத் தண்ணீரும் பிரியாணியுமாக உள்ளே போனபின், மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்த உடல்தான் நான் மேடைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டிய உடல்.

அடுத்த ஆண்டு மாஸ்டரிடம் தயாரானபோது, போட்டிக்கு முந்தைய வெள்ளி இரவு ஜிம்முக்குப் போனேன். மற்றவர்களை அனுப்பிவிட்டு, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, இடுப்புக்கு மேலே முதுகுத் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் கிள்ளி இழுத்து விட்டார். பிறகு தொடையின் பின்புறத்தை இறுக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். “தண்ணி ஒண்ணும் இல்ல தம்பி, சோறுதான் இல்ல. காஞ்சு கெடக்க. வீட்டுக்குப் போயி சாப்பிடு, உப்பு போட்டே சாப்பிடு” என்றார். சனிக்கிழமை காலை, மதியம், இரவு என்று மூன்று முறை வரச்சொல்லிப் பார்த்தார். காலையில் சோற்றோடு வெல்லமும் சேர்க்கச் சொன்னவர், இரவு பார்த்துவிட்டு, வயிறு லேசாக உப்புகிறது, இனி இரண்டு கவளத்துக்கு மேல் வேண்டாம் என்று நிறுத்தினார். தண்ணீரை அவர் தொடவே இல்லை. மூன்றாம் இடம் வாங்கினேன். இதில் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: இடையில் ஓராண்டுப் பயிற்சி கூடியிருந்தது, மேடைப் பயமும் குறைந்திருந்தது, எதிரே நின்றவர்களும் வேறு. ஆறுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட தூரம் முழுவதையும் மாஸ்டரின் விரல்களுக்கே எழுதிவைக்க முடியாது.

பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்குத் தோற்றத்தைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. 1992இல் முகமது பெனசிசா என்ற ஆணழகன் நெதர்லாந்தில் ஒரு போட்டியை வென்ற பின் இறந்துபோனார். 1994 அர்னால்ட் கிளாசிக்கில் பால் டில்லெட் போஸ் கொடுத்த நிலையிலேயே உறைந்துபோய், மற்றவர்கள் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. ஆஸ்திரியாவின் ஆன்ட்ரியாஸ் முன்சர் 1996இல் தமது 31ஆம் வயதில் இறந்தார். மேடைக்காக உடலின் நீரை வற்றவைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று பேசும்போதெல்லாம் இந்தப் பெயர்கள் வந்துவிடுகின்றன. கை நடுங்குவதும் பேச்சு குழறுவதும் புகைப்படத்தில் தெரிவதில்லை. அதே சமயம், இவர்கள் யாரும் தனியறையில் ஆளற்றுக் கிடந்தவர்கள் அல்லர். சிறுநீர் பெருக்கி மாத்திரையைத் தாமே சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டும் மாஸ்டர் எவராவது இருந்தால், அவரைவிட ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோச்சே மேல். மாத்திரையும் ஊசியும் பேச்சில் வந்த நிமிடமே எழுந்து வந்துவிட வேண்டும் என்பதில் நான் இரு தரப்புக்கும் ஒரே விதியைத்தான் வைத்திருக்கிறேன்.

போஸிங் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பின்பக்க இரட்டை பைசெப்ஸ் போஸில் எந்தக் காலைப் பின்வைத்து, இடுப்பை எவ்வளவு சாய்த்தால் முதுகு விரிந்து தெரியும் என்பதைக் காணொலிக்குக் கீழே எழுதி அனுப்பலாம். மாஸ்டர் பின்னால் வந்து முழங்கையை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டுப் போவார், அவ்வளவுதான். கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் உள்ள கோல்ட்ஸ் ஜிம்மில் சார்லஸ் கிளாஸ் என்ற பயிற்சியாளருக்குக் கிடைத்த பெயரும் இப்படிப் பக்கத்தில் நின்று கோணம் திருத்தியதால் வந்ததுதான்.

மாஸ்டரிடம் குறைகள் ஏராளம். ஏன் என்று கேட்டால் பிடிக்காது. தம் குரு சொன்னதே சாஸ்திரம். போட்டி நாளன்று அவரிடம் பயிலும் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரே மேடையில் நின்றால், என் முறை வரும்போது அவர் யாருக்காவது உடம்பில் நிறம் பூசிக்கொண்டிருப்பார். நல்ல மாஸ்டரே இல்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரையால் பயனும் இல்லை. பெண் போட்டியாளர்களைப் பொறுத்தவரை கணக்கே வேறாக இருக்கலாம். தோலைக் கிள்ளிப் பார்க்கும் ஆண் மாஸ்டரைவிட, தூரத்தில் இருந்தாலும் ஒரு பெண் கோச்சையே விரும்புவதாக என்னோடு பயிற்சி செய்யும் இருவர் சொன்னார்கள், அதை மறுத்துப் பேச எனக்கு அனுபவம் இல்லை.

இந்த ஆண்டு மாஸ்டரிடமே தொடர்கிறேன். ஆனால் ஆன்லைன் கோச் கற்றுக்கொடுத்த அட்டவணையை விடவில்லை, தினமும் நானே எழுதிவருகிறேன். மாஸ்டர் அந்த நோட்டைப் புரட்டுவாரே தவிரப் படிக்கமாட்டார், “நேத்து எடை என்ன?” என்று மட்டும் கேட்பார். சென்ற வாரம் சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் அந்தப் புகழ்பெற்ற கப்பை நிறுத்துப் பார்த்தேன். அவர் அள்ளினால் சமைத்த சோறு 210 கிராம், அவர் வீட்டு அக்கா அள்ளினால் 260.