ஆகஸ்டில் செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகு என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள்

பெங்களூரிலிருந்து ஆகஸ்ட் 15 விடுமுறைக்கு உடுப்பிப் பக்கம் போக நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு டிராவல்ஸில் புக் செய்தோம். உடுப்பி, மல்பே, செயின்ட் மேரீஸ் தீவு. இரண்டு நாள், தலைக்கு 5,200 ரூபாய், ஐந்து பேருக்கும் முழுப் பணம் முன்கூட்டியே. "தீவுக்குப் படகு உண்டுதானே?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். "கன்ஃபர்ம் சார், படகு டிக்கெட்டும் இதிலேயே சேர்த்தி" என்றார்கள்.

அப்பா பூகோள வாத்தியாராக இருந்தவர். மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தில், சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், எரிமலைக் குழம்பு இறுகித் தூண் தூணாக நிற்கும் இடம் அது. முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டிய பாறையை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பயணமே அதற்காகத்தான்.

மல்பேயில் இறங்கினால் கரை நெடுக வலை கட்டியிருக்கிறது. படகுத்துறையில் ஈ காக்கா இல்லை. மழைக்காலம் முழுக்கத் தீவுக்குப் படகே விடமாட்டார்கள், வருடா வருடம் இப்படித்தான் என்றார் டீக்கடைக்காரர். வருடா வருடம் நடப்பது டிராவல்ஸ்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? போன் செய்தால், "திடீர் மழை, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்கிறார்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைப் பதற வைத்தது. தலைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் மீன்பிடிப் படகில் போய் வரலாமாம், ஆள் அனுப்புகிறாராம். அந்த அலையில், எட்டு வயதுப் பிள்ளையோடு! யாராவது அப்படிக் கூப்பிட்டால் தயவுசெய்து போய்விடாதீர்கள். அப்பா குடையோடு கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரசீதில் 'உள்ளூர் சுற்றுலா' என்றுதான் இருந்தது, படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லவேளை, வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய செய்தி அழியாமல் இருந்தது. அதை வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். அப்புறம் தலைக்கு 400 ரூபாய் மட்டும் திரும்ப வந்தது.

தீவின் பெயரையும் தேதியையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். உண்மையில் படகு டிக்கெட்டை மல்பேயிலேயே வாங்கிக்கொள்ளலாம். அப்பாவை ஜனவரியில் நாங்களே ரயிலில் அழைத்துப் போகிறோம்.