லயத்துக்கு இலக்கம் கிடையாது: மலையகம் போகிறவர்கள் போனில் செய்து வைக்க வேண்டியவை

இலங்கையில் கொழும்பிலும் கண்டியிலும் போன் செயலிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஓட்டோ வருகிறது, சாப்பாடு வருகிறது. மலையகத்தில், அட்டனிலோ பண்டாரவளையிலோ இறங்கித் தேயிலைத் தோட்டத்து வழியில் திரும்பியதும் நிலைமை மாறிவிடும். வீதிக்குப் பெயர், வீட்டுக்கு இலக்கம் இரண்டையும் நம்பித்தான் அந்தச் செயலிகள் ஓடுகின்றன. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, இரண்டும் கிடையாது. கடிதமே தோட்டக் காரியாலயத்துக்கு வந்துதான் ஆள் மூலம் மேலே போகிறது. அதனால் மலையகம் போகிறவர் எந்தச் செயலியை இறக்குவது என்று யோசிப்பதை விட, சிக்னல் இருக்கும்போதே எதைப் போனுக்குள் சேமித்து வைப்பது என்று யோசிப்பது நல்லது.

புறப்படும் முன் இரண்டு வேலை. ஒன்று, நுழைவு அனுமதி. இ.டி.ஏ விண்ணப்பத்துக்கு அரச தளம் இருக்கிறது. அதன் முகவரி ‘gov.lk’ என்று முடியும். தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்கள் அதே படிவத்தை நிரப்பித் தந்து மேலதிகமாகக் காசு வாங்குகின்றன. மற்றது, ஊரில் கொடுப்பதற்காக வாங்கிப் போகும் போன். பதிவில்லாத போன்களுக்கு உள்ளூர் சிம்மில் தொடர்பு கிடைக்காது என்ற ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2025 ஜனவரி 28 முதல் கொண்டுவந்தது. போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண் வரும். அதை ஊரில் உள்ளவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் ‘ஐ.எம்.இ.ஐ’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதிவு இருக்கிறதா என்று பதில் வரும். பெட்டி கட்டும் முன்னரே இதைப் பார்த்துவிட வேண்டும்.

சிம் விடயத்தில் விமான நிலையத்து விளம்பரப் பலகையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். டயலொக், மொபிட்டல், ஹட்ச் மூன்றும் நகரங்களில் கிடைக்கும். ஆனால் மலை மடிப்புக்குள் ஒரு லயத்தில் பிடிப்பது அடுத்த லயத்தில் பிடிக்காது. போகும் வீட்டில் உள்ளவர்கள் எந்தச் சிம் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு அதையே வாங்குங்கள், கடவுச்சீட்டு தேவைப்படும். டேட்டா பொதி வாங்கும்போது மொத்த ஜிபியை மட்டும் பார்க்கக் கூடாது. பல பொதிகளில் பெரும் பங்கு நள்ளிரவுக்குப் பிந்திய இரவு டேட்டா. பகலில் அது உதவாது. எந்நேரமும் பாவிக்கக்கூடிய ‘எனிடைம்’ டேட்டா எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுச் சிம்மை கழற்றவும் வேண்டாம். டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு அதைச் செயலில் வைத்திருந்தால்தான் வங்கியின் ஓ.டி.பி வந்து சேரும். இரண்டு சிம் போட முடியாத போன் என்றால் உள்ளூர்த் தொடர்பை ஈ-சிம்மாக எடுக்கலாம். ரீலோட் (ரீசார்ஜ்) போட வெளிநாட்டு வங்கி அட்டையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. சந்திக் கடையில் எண்ணைச் சொல்லிக் காசு கொடுத்தால் நிமிடத்தில் முடிந்துவிடும்.

இனி முக்கியமான விடயம், இடம். கூகுள் மேப்ஸில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருக்கும். சனங்கள் வாயில் புழங்குவது பெரும்பாலும் வேறு தமிழ்ப் பெயர். ஒரே தோட்டத்துக்குள் பல டிவிசன் (பிரிவு), ஒவ்வொரு டிவிசனிலும் மேட்டு லயம், பணிய (கீழ்) லயம், புது வீடுகள். தோட்டப் பெயரைத் தேடினால் குறி பெரும்பாலும் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையிலோ காரியாலயத்திலோ போய் நிற்கும்; வீடு அங்கிருந்து நாலு கிலோமீற்றர் மேலே இருக்கும். இதற்கு நல்ல வழி பிளஸ் கோட், அதாவது முகவரிக்குப் பதிலாக இடத்தைக் குறிக்கும் சிறு குறியீடு. வீட்டில் உள்ள பிள்ளைகளில் யாராவது ஒருவரிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள்: இஸ்தோப்புக்குள் (முன் திண்ணைக்குள்) நிற்காமல் வெளியே வந்து, வானம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே நின்றால் நீலப் புள்ளி அங்குமிங்கும் தாவும். புள்ளியைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டம் சுருங்கும் வரை இரண்டொரு நிமிடம் பொறுத்து, அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும். கீழே வரும் விபரத்தை மேலே இழுத்தால் நாலு எழுத்து, ஒரு கூட்டல் குறி, மேலும் இரண்டு எழுத்து, பக்கத்து ஊரின் பெயர் என்று ஒரு கோட் இருக்கும். அது ஏறத்தாழ 14 மீற்றருக்கு 14 மீற்றர் சதுரத்தைக் குறிக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராக்கள் (அறைகள்) கொண்ட பழைய லயத்தில் அது மூன்று நான்கு காம்பரா அகலம். அதற்கு மேல் துல்லியம் தேவையில்லை.

இந்தப் பிளஸ் கோட்டில் ஆங்கில உயிரெழுத்துகளும், பூச்சியத்தோடும் ஒன்றோடும் குழம்பும் எழுத்துகளும் கிடையாது. அதனால் டேட்டா இல்லாத நேரத்திலும் சாதாரண அழைப்பில் பிழையில்லாமல் சொல்லிவிடலாம். கடதாசியில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. ஏன் என்பது கடைசியில் வரும்.

கோட் கிடைத்ததும் கொழும்பிலேயே வரைபடத்தை இறக்கி வையுங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, ஒஃப்லைன் வரைபடங்கள் என்பதற்குள் போய், அட்டனிலிருந்து பதுளை வரை கட்டத்தை இழுத்துவிடலாம். ஜி.பி.எஸ் நேரே செய்மதியிலிருந்து வருவதால் சிக்னல் இல்லாத இடத்திலும் புள்ளி நகரும். தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதைகளுக்கு ஓர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலியும் பயன்படும். ஆனால் வரைபடம் காட்டும் வழியை அப்படியே வேன்காரருக்குக் காட்டக் கூடாது. தோட்டத்துக் கல் பாதையும் கார்ப்பெட் (தார்) வீதியும் அதில் ஒரே கோடாகத் தெரியலாம். வீட்டாரிடம் கேட்க வேண்டியது, “கொழுந்து லொறி அந்த வழியா வருதா?” என்பதுதான். லொறி வந்தால் வேன் வரும். வராவிட்டால் பெரட்டுக்களத்தோடு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தோடு) வேனை நிறுத்திவிட்டு ஓட்டோவில்தான் போக வேண்டும். நானுஓயாவிலிருந்து இறங்கும் ரதெல்ல குறுக்கு வீதி மற்றோர் எச்சரிக்கை. வரைபடத்தில் நேரம் குறைவு என்று அழகாகத் தெரியும். சரிவோ மிகக் கடுமை. 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் இறந்தது அங்கேதான். ஆட்கள் நிறைந்த வண்டியென்றால் பெரிய வீதியால் சுற்றிப் போங்கள்.

பிக்மீ, ஊபர் இரண்டையும் கொழும்புக்கும் கண்டிக்கும் வைத்துக்கொள்ளலாம். மலையில் ஏற ஏற வண்டிகள் குறையும். ரயில் நிலைய வாசலில் உள்ளூர் ஓட்டோக்காரர்கள் செயலி வண்டியை ஏற்ற விடாத இடங்களும் உண்டு. சண்டைக்குப் போகாமல் கொஞ்சம் தள்ளி நடந்து ஏறுவதே புத்தி. தோட்டத்துக்குள் எந்தச் செயலியும் ஓட்டோ தராது. டிவிசனில் ஓட்டோ வைத்திருப்பவரின் வாட்ஸ்அப் எண்தான் அங்கே செயலி.

ரயில் ஆசனம் 30 நாட்களுக்கு முன் இணையத்தில் திறக்கும், பதுளைப் பாதையில் நிமிடங்களில் முடிந்துவிடும். பதிவில் கொடுத்த கடவுச்சீட்டையே கையில் கொண்டு போக வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடுவது வழக்கம், ஆகவே அன்று காலை விசாரித்துவிட்டே புறப்படுங்கள்.

காசு: 1888இல் ஒரு வங்கியே பிறந்த ஊர் அட்டன், ஏ.டி.எம்முக்குக் குறைவில்லை. திரையில் உங்கள் நாட்டு நாணயத்திலா இலங்கை ரூபாயிலா என்று கேட்டால் ரூபாயைத் தெரிவு செய்யுங்கள். மற்றதில் மாற்று விகிதம் நட்டம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தோடு இந்தியாவுக்கு, கூடலூர், கோத்தகிரி என்று போய்க் குடியேறிய குடும்பங்களிலிருந்து சொந்தம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2024 பெப்ரவரி முதல் இந்திய யு.பி.ஐ இலங்கையின் லங்கா கியூ.ஆர் குறி வைத்திருக்கும் கடைகளில் செல்லும். போன்பே போன்ற செயலியில் ‘யு.பி.ஐ இன்டர்நெஷனல்’ பகுதியைத் திறந்து வங்கிக் கணக்கை முதலில் இயக்க வேண்டும். மறந்தால் கடையில் பணம் போகாது. இது கடைக்குக் கட்ட மட்டும்தான். அத்தை கையில் கொடுப்பதற்குத் தாள் காசுதான் வேண்டும்.

மழை விடயத்தில் அலட்சியம் கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியது. அது ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டிருந்த இடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியில் தருகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேற வேண்டும். எச்சரிக்கை தோட்டப் பெயரில் வராது, பிரதேச செயலாளர் பிரிவின் பெயரில்தான் வரும். அதனால் போகும் வீடு அம்பகமுவவா கொத்மலையா ஹல்துமுல்லவா என்று முன்னரே கேட்டு எழுதி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

அவசர நோயென்றால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸ். காசு வாங்க மாட்டார்கள். அதன் செயலி இடத்தையும் சேர்த்து அனுப்பும், ஆனால் டேட்டா வேண்டும். டேட்டா இல்லாவிட்டால் சாதாரண அழைப்பில் பிரதான வீதியின் பெயர், தோட்டம் திரும்பும் சந்தி, டிவிசன் மூன்றையும் சொல்லி, கதவில் ஒட்டிய பிளஸ் கோட்டையும் வாசித்துக் காட்டுங்கள். அழைப்பை வைத்ததும் ஒருவர் டோர்ச்சோடு சந்திக்கு ஓட வேண்டும். இரவில் கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) வரை வந்துவிட்ட வண்டிக்கும் எந்த லயம் என்று தெரியாது.