எம்.டெக் என்று சொல்லி என்னிடம் 1,18,000 ரூபாய் கறந்துவிட்டார்கள்

நேற்றுச் சாயங்காலம் அந்த ஆன்லைன் படிப்பு கம்பெனியிடமிருந்து கடைசி மெயில் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." என்ன தீர்ந்தது? என் 1,18,000 ரூபாய்தான் தீர்ந்தது. அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். யாராவது ஒருவராவது தப்பிக்கட்டும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். பச்சை இலை எடை, விவசாயிகள் கணக்கு, மாதப் பட்டுவாடா எல்லாம் ஓடுகிற சாஃப்ட்வேர் என் பொறுப்பு. பி.இ. முடித்துப் பதினொரு வருஷம் ஆகிறது. டேட்டாபேஸ், நெட்வொர்க், பாதுகாப்பு எல்லாவற்றையும் முறையாகப் படித்து இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸில் ஒரு எம்.டெக் வாங்கிவிட்டால் நல்ல வேலைக்குப் போகலாம் என்று ஆசை. கோயம்புத்தூரில் பார்ட் டைமில் படிக்கலாம்தான். ஆனால் ஆபீஸ் முடிந்து மலை இறங்கி, வகுப்பு முடிந்து ராத்திரியில் மறுபடி ஏறுவது நடக்கிற காரியமா?

இந்த நேரத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. ஒரு ஆன்லைன் படிப்பு கம்பெனி. (பெயர் போடவில்லை. பணத்தோடு வக்கீல் நோட்டீஸும் சேர்ந்துகொள்ள வேண்டாம்.) வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் எம்.டெக், வேலை பார்ப்பவர்களுக்காகவே, சனி ஞாயிறு நேரடி வகுப்பு, இரண்டு வருஷம். நம்பர் கொடுத்த பத்தாவது நிமிஷம் போன் வந்தது.

பேசியது ஒரு பெண். "அக்கா, நானும் மேட்டுப்பாளையம்தான்." அவ்வளவுதான், பாதி விழுந்துவிட்டேன். மூன்று நாள் பேசினாள். மூன்றாம் நாள் கோத்தகிரி டானிங்டனில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், நல்ல மழை, சிக்னல் விட்டு விட்டு வருகிறது. "நனையாதீங்க அக்கா, வீட்டுக்குப் போயிட்டுக் கூப்பிடுங்க, சீட்டை நான் பிடிச்சு வெக்கிறேன்" என்றாள். பணம் பிடுங்குகிறவள் இப்படிப் பேசுவாளா என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, ஈரத் துணிகூட மாற்றாமல் ஓடிபி சொன்னேன். ஒன்றல்ல, மூன்று ஓடிபி. சீட் பதிவுக்கு என்றாள். அதில் ஒன்று ஃபீஸுக்காக என் பெயரில் போட்ட லோனுக்கு, இன்னொன்று என் பேங்க் கணக்கில் மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு. ஈர இலை என்றால் மூட்டைக்கு எவ்வளவு எடை கழிக்க வேண்டும் என்று தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

வகுப்பு தொடங்கியது. நேரடி வகுப்பு என்றது எல்லாம் பழைய வீடியோ. பல்கலைக்கழகப் பதிவு எண் கேட்டால் "ப்ராசஸில் இருக்கிறது". கூடப் படித்த தோழி ஒருத்தி கல்லூரியில் வேலை பார்க்கிறாள். ரசீதைப் பார்த்ததும் கேட்டாள்: "ஒரு லட்சம் ஃபீஸ், 18,000 ஜிஎஸ்டியா? அங்கீகாரம் உள்ள பட்டப்படிப்பு ஃபீஸுக்கு ஏதுடி ஜிஎஸ்டி?" அப்போதுதான் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தேன். "எம்.டெக் தரத்திலான எக்ஸிக்யூட்டிவ் சான்றிதழ்." தரத்திலான!

தோழி இன்னொன்றும் சொன்னாள். பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த, பல்கலைக்கழகங்களை ஒழுங்குபடுத்தும் யுஜிசியின் 2020 விதிமுறையில் இடமில்லை. அதற்கும் முன்னால் 2017 நவம்பரிலேயே, சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாமல் நடத்திய தபால் வழிப் பொறியியல் படிப்பு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியாகிவிட்டது. ஐஐடி மாதிரி இடங்கள் வேலை பார்ப்பவர்களுக்கு நடத்துவது வேறு கதை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. மேட்டுப்பாளையம் தங்கச்சி போனை எடுப்பதில்லை. கஸ்டமர் கேரில் "48 மணி நேரத்தில் கூப்பிடுவோம்". ஆறு தடவை 48 மணி நேரம் ஆயிற்று. பிறகு "ரீஃபண்ட் கேட்க ஏழு நாள்தான், முடிந்துவிட்டது" என்றார்கள். எப்போதிலிருந்து ஏழு நாள்? நான் ஓடிபி சொன்ன ராத்திரியிலிருந்து. வகுப்பு தொடங்கியதே அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து! லோன் கம்பெனியைக் கேட்டால் "பணம் அவர்களுக்குப் போய்விட்டது, அவர்களிடம் பேசுங்கள்" என்கிறார்கள். படிப்பு கம்பெனியோ "லோன் கம்பெனியிடம் பேசுங்கள்" என்கிறது. மாதம் 9,833 ரூபாய், பன்னிரண்டு மாதம். மொத்தம் ஏறக்குறைய அதே 1,18,000. படிப்பை விட்டாலும் தவணை நிற்காது.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ரசீதில் ஜிஎஸ்டி இருந்தால் அங்கேயே நில்லுங்கள். பட்டம் என்ற வார்த்தையை எழுத்தில் வாங்குங்கள், போன் பேச்சு செல்லாது. பல்கலைக்கழகத்துக்கே நேராகப் போன் போட்டுக் கேளுங்கள். ஓடிபி மெசேஜை முழுசாகப் படியுங்கள். ஆன்லைன் லோனிலிருந்து அபராதமில்லாமல் வெளியேற ஆரம்பத்தில் கொஞ்சம் அவகாசம் உண்டு, ரிசர்வ் வங்கி விதி, அதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். ஊட்டியில் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகப்போகிறேன்.

ஐந்தாம் தேதி மூன்றாவது தவணை. கணக்கில் பணம் வைத்தால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், வைக்காவிட்டால் சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) போகும். இன்று மூன்றாம் தேதி.