பெண்டன் அருங்காட்சியகம்: குட்டி ரயிலுக்கு ஊர் கட்டுபவர்கள் பார்க்கவேண்டிய இடம்

மாடல் ரயிலில் தண்டவாளமும் இன்ஜினும் எப்படியோ சரியாக அமைந்துவிடும். சுற்றி வைக்கிற கிராமம்தான் பொம்மைக்கடை மாதிரி நிற்கும். அது ஏன் என்று இங்கிலாந்தின் லாங் விட்டன்ஹாம் ஊரில் உள்ள பெண்டனில் புரிந்தது.

1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட், கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்த கிராமங்களைப் பார்த்துத் தவித்து, அவற்றை 1:76 அளவில், அதாவது நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு மாடல்களாக, காப்பாற்றி வைக்கத் தொடங்கிய வேலை இது. மாடலில் காட்டும் காலம் 1930-கள். ஐந்தரை அடி ஆள் இங்கே 22 மில்லிமீட்டர்தான்!

வீடுகளெல்லாம் பெரும்பாலும் அட்டை. ஒரு சுவரைக் குனிந்து பாருங்கள். செங்கல் செங்கல்லாகக் கோடு கீறி, வாட்டர்கலரில் தீட்டியிருக்கிறார்கள். ஒரே சிவப்பு எங்கும் கிடையாது. பக்கத்துப் பக்கத்துக் கற்களே நிறம் மாறுகின்றன. பளபளப்பு துளியும் இல்லை. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் வீடுகள் முதலில் தோற்பது இந்தப் பளபளப்பில்தான் என்பேன். வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்திவரை உண்டு. ரயில் வருவதையே மறந்து நின்றேன்.

ஜான் ஆஹெர்ன் கட்டிய மேடர் வேலி என்ற மாடல் ரயில் லேஅவுட்டும் (தண்டவாளமும் சுற்றுக்காட்சியும் சேர்ந்த முழு அமைப்பு) இங்கேதான் இருக்கிறது. காட்சியமைப்புக்கு ரயிலுக்குச் சமமான இடம் கொடுத்த முன்னோடி அது, தவறவிடாதீர்கள்.

அருங்காட்சியகம் டிட்காட் நகரத்துக்குப் பக்கம்தான். தினமும் திறப்பதில்லை, நாள் பார்த்துக் கிளம்புங்கள். அவசரமாகச் சுற்றினால் பாதிகூடக் கண்ணில் படாது. அரை நாளாவது ஒதுக்குங்கள்.