உறைபனிக்குத் தாக்குப்பிடித்த எண்ணெய்

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில், அண்டர்பர்க் என்ற சிற்றூர் அருகே எங்கள் சிறு வீட்டின் முன்னால் ஒரு மரத்தளம் இருக்கிறது, சலிக்னா என்ற யூகலிப்டஸ் வகை மரம். டர்பன் வீட்டுக் கதவுக்கு வாங்கிய வார்னிஷையே முதலில் அதற்கும் பூசினேன். புத்தி கெட்ட வேலை. இங்கே குளிர்காலமான ஜூலையில் இரவெல்லாம் உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில். மரம் சுருங்கி விரிய, மேலே படிந்த படலம் வெங்காயத் தோல்போல உரிந்தது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு பெயின்ட் கடைப் பெரியவர், "படலம் வேண்டாம் தம்பி, மரம் குடிக்கிற எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நிறம் கலந்த 5 லிட்டர் டின் ஒன்றைத் தந்தார். பழைய வார்னிஷைச் சுரண்டவே இரண்டு வார இறுதிகள் போயின; முதுகு இன்னும் என்னைத் திட்டுகிறது. ஏப்ரலில், மழை ஓய்ந்து குளிர் இறங்குமுன், காலை ஈரம் காய்ந்தபின் மெல்லிதாக இரண்டு பூச்சு. மிஞ்சிய எண்ணெயைத் துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றக்கூடும். நான் வாளித் தண்ணீரில் அமிழ்த்திவைத்தேன்.

இரண்டு குளிர்காலம் கடந்தும் தண்ணீர் முத்தாக உருள்கிறது. பலகைகளின் வெட்டுமுனைகள் மட்டும் கறுத்துவிட்டன. அங்கே தாராளமாகப் பூசியிருக்க வேண்டும். நாற்றமோ மூன்று நாள், மனைவி வடை சுட்டும் அடங்கவில்லை. விலையும் அதிகம்தான். மறுபடி வாங்குவேன்.