தனியே எழுதிய ஸ்டர்ஜஸ், துணையோடு எழுதிய வைல்டர்

ஹாலிவுட்டின் பாரமவுண்ட் ஸ்டுடியோவில் தாங்கள் எழுதிய கதைகளை இயக்குநர் மிட்செல் லைசன் படமாக்கிய விதம் பிரஸ்டன் ஸ்டர்ஜஸ், பில்லி வைல்டர் இருவருக்கும் பிடிக்கவில்லை. எழுத்தைக் காப்பாற்ற இருவருமே இயக்குநர் ஆனார்கள். வழிதான் வேறு.

ஸ்டர்ஜஸ் ‘தி கிரேட் மெக்கின்ட்டி’ கதையை வெறும் 10 டாலருக்குக் கொடுத்தார். நிபந்தனை, இயக்கமும் தனக்கே. 1940-இல் வந்த அந்தப் படத்துக்கே ஆஸ்கரும் கிடைத்தது. வசனத்தை வாயால் சொல்லச் சொல்லச் செயலாளர் எழுதிக்கொள்வார். அதனால்தான் அவர் பாத்திரங்கள் மூச்சு விடாமல் பேசுகின்றன. ஆனால் "இது வேண்டாம்" என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. பாரமவுண்டுக்கு எட்டுப் படங்கள் எடுத்துவிட்டு வெளியேறி, கோடீஸ்வரத் தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸுடன் சேர்ந்தார். பழைய வேகம் திரும்பவில்லை.

வைல்டர் தனியே எழுதவே மாட்டார். 1950 வரை சார்லஸ் பிராக்கெட், 1957 முதல் ஐ.ஏ.எல். டயமண்ட். படத்தொகுப்பாளர் டோன் ஹாரிசனைப் படப்பிடிப்புக்கே அழைத்துவந்து, தேவையான ஷாட்டுகளை மட்டும் எடுப்பார். ஸ்டுடியோ மாற்றி வெட்ட உபரிச் சுருளே மிஞ்சாது. 1960-இன் ‘தி அபார்ட்மெண்ட்’ அவருக்கு மூன்று ஆஸ்கர் தந்தது. கடைசிப் படம் 1981-இல்.

சிரிப்பின் வேகத்துக்கு ஸ்டர்ஜஸ்தான். திரைக்கதையின் கட்டுமானம் கற்க வைல்டரிடமே போகவேண்டும்.